பின் ரோட்டரின் மூன்று முகங்கள்

பிப். 11, செவ்வாய்

ஓர் எஞ்சினைப் பழுதில்லாமல் ஓடவைத்துக் கொடுத்துவிட்டு, அதை நம்பி ஏறாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. மாணவர் யாராவது கேட்டிருந்தால், கேள்வியே சரியில்லை, உட்கார் என்றிருப்பேன்.

காலையில் கடும் பனி. பாபநாசம் ஸ்டேஷனில் எதிர்ப்பக்க நடைமேடை தெரியவில்லை. தஞ்சாவூர் பாசஞ்சர் தாமதம். முதல் வகுப்பு வெப்ப இயக்கவியல். வந்தது பாதிப் பேர், அதில் பாதி தூக்கம்.

சாயங்காலம் நேரே மில்லுக்கு. ஊருக்கு வெளியே வயல் நடுவே, ஜ.-வின் பெரியத்தா மகன் நடத்தி மூடிப்போட்ட அரிசி மில். உள்ளே விமானம். இரண்டு இருக்கை, சொந்தக் கையால் கட்டியது, ஐந்து வருஷ வேலை. ஜ. என் கணவர். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், அதில் முக்கால்வாசி வளைகுடாவில், ஒரு விமானக் கம்பெனியின் எஞ்சின் பட்டறையில். அங்கேயே ஓட்டவும் கற்றுக்கொண்டு உரிமம் வாங்கினார். தனியாகக் கடைசியாகப் பறந்து ஆறு வருஷம். போன வருஷம் ஒரு பயிற்சிப் பள்ளியில் வாத்தியார் பக்கத்தில் இருக்க ஓட்டியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வயது ஐம்பத்தைந்து.

எஞ்சின் ஒரு காரிலிருந்து எடுத்தது. ரோட்டரி. பிரித்து, சீல் எல்லாம் புதிதாகப் போட்டு மூட்டிவிட்டார். இனி ஓட்டிப் பழக்க வேண்டும். எந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று லேப்டாப்பில் அட்டவணை போட்டு எஞ்சினுக்குச் சொல்லிவைக்க வேண்டும். அது என் பங்கு.

“கம்ப்யூட்டரு ஒன்னோடது. நீ சரின்னாத்தான் நான் ஏறுவேன்.” கட்ட ஆரம்பித்த நாளில் ஜ. சொன்னது. அன்று மரியாதையாகப் பட்டது.

டெல்லியிலிருந்து சோதனைப் பறத்தலுக்கு அனுமதி வந்துவிட்டது. ஒருவர் மட்டும்தான் பறக்கலாம் என்று நிபந்தனை. நோன்புக்கு முன்னால் முடித்துவிட வேண்டுமாம். மூன்று வாரம்கூட இல்லை.

வாங்க: டூ ஸ்ட்ரோக் ஆயில், ப்ளக், கண்ணாடிக்கு ஸ்குரூ, ரவை.

பிப். 12, புதன்

அரை நாள் லீவு. விமானத்தைக் களத்துக்கு உருட்டி வந்து, வாலை டிராக்டர் சங்கிலியால் பழைய பாய்லர் மேடையோடு கட்டினோம். இறக்கை இன்னும் மாட்டவில்லை. இறக்கை இல்லாமல் பார்க்க எனக்கு நிம்மதி. எங்கும் போக முடியாத பொருள்.

செல்வராசு வந்திருந்தார். ஜ.-வோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். சுற்றுவட்டாரத்தில் எல்லா போர்வெல் எஞ்சினுக்கும் அவர்தான் மெக்கானிக்.

“பிஸ்டன் எங்க டீச்சர்?”

“கெடையாது.”

“வால்வு?”

“அதுவும் கெடையாது. உள்ள முக்கோணமா ஒண்ணு சுத்தும். அதுதான் ரோட்டர். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு.”

“கிரைண்டர்ல கல்லு சுத்துற மாதிரி?”

கிட்டத்தட்ட, என்றேன்.

முக்கோணத்தின் மூலைக்கு ஒரு சீல். சுவரோடு உரசி உரசித்தான் அது படியும். சுமை வேண்டும், வேகம் ஏறி இறங்க வேண்டும். இதை இரண்டு பேருக்கும் சொன்னேன். செல்வராசு தலையாட்டினார். கேட்டுக்கொண்டார் என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாவது தடவை பிடித்தது. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். வாய்க்கால் ஓரத்துக் கொக்கு மொத்தமும் எழும்பிப் போயிற்று. பழைய மொபெட்டுப் புகை வாசனை. களத்தின் மறுகோடியில் நெல் காயப்போட்டிருந்த அஞ்சலை ஓடிவந்தாள்.

“யாருப்பா அது! ஒங்க பிளேனு பறக்குதோ இல்லியோ, எங்க நெல்லு பறக்குது!”

ஜ. சிரித்தபடி த்ராட்டிலைக் குறைத்தார். அவர் இப்படிச் சிரித்துப் பார்த்து நாளாயிற்று. எனக்கு அதுதான் கஷ்டம்.

மூக்கு விசிறியின் காற்று நெல் பக்கம் போகாதபடி விமானத்தைத் திருப்பி, வாலை வேறு பக்கம் கட்டினோம். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் நிறுத்தினோம்.

பிப். 14, வெள்ளி

கல்லூரியில் தேர்வு மேற்பார்வை. ஜ. தஞ்சாவூரில் ஆயில் குழாய் வாங்கிக்கொண்டு அங்கேயே ஜும்ஆ தொழுதுவிட்டு வருவதாக ஏற்பாடு. சாவி செல்வராசிடம்.

நாலு மணிக்கு நான் போனபோது ஜ. எஞ்சின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். தரையில் சூடம் ஏற்றிய கரி. செல்வராசு முகமெல்லாம் பூரிப்பு.

“காலையிலேருந்து ஓட விட்டிருக்கேன் டீச்சர். கொஞ்சம்கூடக் கத்த விடல. மெதுவா, மெதுவா, தொட்டில்ல போட்ட மாதிரி.”

வெறும் ஐடிலில். சுமை இல்லாமல். காலையிலிருந்து.

இங்கே புது போர்வெல் எஞ்சினை எல்லாரும் இப்படித்தான் பழக்குகிறார்கள். தண்ணீர் இறைக்க விடாமல், ஒரு பகல் முழுக்கச் சும்மா ஓடவிட்டு, சூடம் காட்டி, அப்புறம்தான் வயலுக்கு. “கல்யாணமாயி வந்த அன்னிக்கே மருமவள நாத்து நட எறக்குவாங்களா?” என்றார் என்னிடம். நல்ல மனசோடு செய்தது. அந்த எஞ்சினுக்கு அது சரியாகவும் இருக்கலாம். இதற்கு விஷம்.

ஜ. அவரைத் திட்டவில்லை. “டீ சாப்புடலாம் வாடா” என்று கூட்டிக்கொண்டு போனார். போகும்போது திரும்பி என்னைப் பார்த்தார். பட்டறையில் வருஷக்கணக்கில் எஞ்சின்களைப் பார்த்தவர், அவருக்குத் தெரியாதா. இருந்தாலும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்.

பிப். 15, சனி

வெயில். ப்ளக் நாலும் கறுப்பு, ஈரம். மாற்றிவிட்டு கம்ப்ரஷன் எடுத்தேன், உள்ளே காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று. ரோட்டருக்கு மூன்று முகம். ஸ்டார்ட்டரை ஓட்டினால் மூன்று மூச்சு கேட்க வேண்டும், மூன்றும் ஒரே அளவு. முன் ரோட்டர் பரவாயில்லை. பின் ரோட்டரில் இரண்டு நல்ல மூச்சு, மூன்றாவது நொண்டுகிறது. புஸ், புஸ், ஸ்ஸ்.

எனக்குச் சந்தோஷம். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே எழுதலாம். மீட்டரில் முள் விழுந்ததைப் பார்த்ததும் தோள் இரண்டும் இறங்கின.

“தொறக்கணுமா?” என்றார் ஜ.

அந்த ஒரு கேள்விக்குள் எல்லாம் இருந்தது. திறந்தால் புது சீல் வேண்டும், வளைகுடாவிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவர வேண்டும். அதற்குள் நோன்பு. அப்புறம் வெயில், அப்புறம் ஆடிக் காற்று, அப்புறம் மழையில் உப்பளம் சேறு. வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு பாழ் உப்பளம்தான் இவருடைய ஓடுபாதை. ஆக, இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷம் யார் கண்டது. “திறக்கணும்” என்று ஒரு சொல். யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

“சுமை குடுத்து ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அது உண்மை என்பதால். வேறு காரணம் கிடையாது. முதலில் கரியை எரித்து, சுமை கொடுத்து ஓட்டினால் பெரும்பாலும் படிந்துவிடும். படிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு தெரியாத மாதிரி நிற்க வரவில்லை.

துணி ஊறவைக்க மறந்தேன்.

பிப். 17, திங்கள்

சென்னையிலிருந்து நஸீமா போன். அங்கே வேலையில் இருக்கிறாள், ஒரே மகள்.

“அம்மா, அத்தா நெசமாவே போறாரா?”

“எஞ்சின் ரெடியானா.”

“ரெடியாகலன்னு சொல்லேன். நீ சொன்னா கேப்பாரு. நான் சொன்னா சிரிப்பாரு.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“ஆமா. ஒரே ஒரு பொய். ஒனக்கு அதுகூட வராதாம்மா?”

வராது என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன். எரிச்சலோடு வைத்துவிட்டாள்.

அவள் நினைப்பது மாதிரி இது நேர்மை ஒன்றும் இல்லை. பழக்கம். கல்யாணமான புதிதில் ஜ.-வின் வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், அழுவார்கள், சத்தியம் செய்வார்கள். அந்த இரைச்சலில் நான் ஆதாரம் இருந்தால் மட்டும் பேசுவேன். ஜ.-வும் நான் சொன்னால் மட்டும் கேட்பார். வேண்டும், வேண்டாம், பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது, இதெல்லாம் சொல்லிப் பழகாமலே இவ்வளவு வருஷம் ஓடிவிட்டது.

பாசஞ்சரில் உட்கார இடம். ஆச்சரியம்.

பிப். 19, புதன்

ப்ளக் சுத்தம். சுமையில் முதல் ஓட்டம். ஏற்று, பிடி, இறக்கு. ஏற்று, பிடி, இறக்கு. கரி சிவப்புப் பொறியாக எக்ஸாஸ்டில் பறந்தது. தண்ணீர்ச் சூடு திடீரென்று ஏற ஆரம்பித்து, நிறுத்திப் பார்த்தால் ரேடியேட்டர் முழுக்க வைக்கோல் தும்பு. பக்கத்து வயலில் அறுவடை மெஷின். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன்.

நான் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கட்டிப்போடவில்லை. ஆனால் அந்தத் தும்பை வேறு யார் எடுத்தாலும் நான் நம்ப மாட்டேன்.

பிப். 22, சனி

நாள் முழுக்க ஓட்டம். காது அடைப்பு. செல்வராசு இப்போது எஞ்சினைத் தொடுவதில்லை. தூர நின்று, “கொல்லுறீங்களே டீச்சர், கொல்லுறீங்களே” என்று முனகுகிறார். முழு வேகத்தில் போட்டபோது கண்ணை மூடிக்கொண்டார்.

ஜ.-வின் தம்பி பைக்கில் வந்து எட்டிப் பார்த்தார். “என்ன பைலட்டு, எப்ப ஒரத்தநாட்டுக்கு டிக்கெட் குடுப்பீங்க? மச்சி, நீங்கதான் கண்டக்டரா?” என்றார் என் பக்கம் திரும்பி.

ஜ. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் அவர் பக்கம் நின்றேன், மனதில். உடனே அதுவும் என்னைப் பிடித்துவைக்கும் ஒரு கண்ணி என்று பட்டது.

பிப். 23, ஞாயிறு

மறுபடி கம்ப்ரஷன். முன் ரோட்டர் மூன்றும் சமம். பின் ரோட்டர்.

புஸ். புஸ். புஸ்.

இன்னொரு முறை எடுத்தேன். மீட்டரை மாற்றி எடுத்தேன். எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்து, சூடேற்றி எடுத்தேன். மூன்றும் சமம். இவ்வளவு நன்றாக ஒரு வேலை எனக்கு அமைந்ததே இல்லை.

செல்வராசு ஓடிப்போய் எல்லாருக்கும் டீயும் போண்டாவும் வாங்கி வந்தார். அஞ்சலைக்கும். தன் தப்பு கழிந்துவிட்டது என்று அவருக்குக் கண் கலங்கியது. “நீங்க மனுசியே இல்ல டீச்சர்” என்றார். புகழ்ச்சிதான்.

என் போண்டாவைக் காகிதத்திலேயே மடித்துவைத்தேன். தண்ணீர் குடித்தேன்.

பிப். 25, செவ்வாய்

அட்டவணை வேலை. கல்லூரிக்கு மறுபடி லீவு. துறைத் தலைவர் முகம் சுளித்தார்.

இந்த எஞ்சின் பெட்ரோல் குறைந்தால் எச்சரிக்காது. சுமையில் கொஞ்சம் பட்டினி போட்டால் உள்ளே வெடித்து, மூலைச் சீல் உடைந்து, ஒரு ரோட்டர் போய்விடும். தரையில் போனால் செலவு. மேலே போனால்?

அதனால் எல்லா இடத்திலும் கூடுதலாக வைத்தேன். பெட்ரோல் கூடினால் சூடு தணியும். பின் ரோட்டர் எப்போதும் கொஞ்சம் சூடு, அதற்கு இன்னும் கூட.

“குடிக்குதே” என்றார் ஜ., கறுப்புப் புகையைப் பார்த்து.

“குடிக்கட்டும்.”

“வேகம் கொறையும்.”

“கொறையட்டும்.”

பார்த்தார். விட்டுவிட்டார். என் பயத்தை நான் அட்டவணையில் மட்டும்தான் போட முடிகிறது. அதுவும் அவருக்கு உதவியாகவே போய்ச் சேருகிறது.

பிப். 27, வியாழன்

லாரி. விமானமும், தனியாகக் கட்டிய இறக்கைகளும். நாங்கள் பின்னால் காரில். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கு நிறுத்தியபோது கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் லாரியைத் தட்டிப் பார்த்து, “தகரமா?” என்றார். இன்னொருவர், “சினிமாவுக்கு.” ஒரு பாட்டியம்மா என்னிடம் மட்டும் மெதுவாக, “இதுல யாரும்மா போவப்போறா?”

வீட்டுக்காரர் என்றேன்.

“விட்டுட்டியா?” என்றாள்.

டீ நன்றாக இருந்தது.

மத்தியானம் வேளாங்கண்ணி. லாட்ஜில் எல்லாம் யாத்திரைக்காரர்கள், மொட்டைத் தலைகள். எங்கள் அறையில் ஜன்னல் திறக்காது. சட்டத்தோடு பெயின்ட் அடித்து ஒட்டிவிட்டார்கள்.

பிப். 28, வெள்ளி

மழை வரும் என்று டிவியில் சொன்னார்கள். வரவில்லை. உப்பளம் கல்லாகக் காய்ந்திருக்கிறது. கண் கூசும் வெள்ளை.

ஜும்ஆவுக்குப் பின் இறக்கை மாட்டினார்கள், ஜ.-வும் செல்வராசும். ஒவ்வொரு போல்ட்டையும் ஜ. தொட்டுத் தொட்டு வாய்க்குள் ஏதோ சொன்னார். பட்டறைப் பழக்கமா, துஆவா, தெரியவில்லை. எஞ்சினை நான் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். செல்வராசு தண்ணீர் வாங்கப் போன நேரம்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“அப்ப நாளைக்கு.”

“போக வேணாம்.”

உடனே உட்கார்ந்து ஆயில் குழாயைப் பார்த்தார். “எது? பின் ரோட்டரா?”

“எஞ்சின்ல ஒண்ணுமில்ல.”

“ஒயரிங்கா?”

“இல்ல. போக வேணாங்கறேன். அவ்வளவுதான்.”

எழுந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. மீதியும் வரும் என்று காத்திருந்தார், உண்மையாகவே காத்திருந்தார். அடுத்து நான் ஒரு எண்ணைச் சொல்வேன், ஒரு வளைகோட்டைக் காட்டுவேன் என்று. என்னிடம் எதுவும் இல்லை. செல்வராசு தண்ணீர்க் கேனோடு வந்துவிட்டார்.

“தூக்கமில்லாம வேலை பாத்திருக்கே. போய்ப் படு” என்றார் ஜ.

காரணம் இல்லாமல் நான் சொல்லும் சொல் அவருக்குக் கேட்பதே இல்லை. அவர் மேல் தப்பில்லை. அப்படி ஒரு சொல்லை அவர் என்னிடம் இதுவரை கேட்டதில்லை.

நாளை காலை முதலில் தரையில் ஓட்டம். மீட்டர் பார்க்க நான் பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும். தரை ஓட்டத்துக்கு இரண்டு பேர் இருக்கலாமாம். எல்லா அளவும் சரியாக இருந்தால் என்னை இறக்கிவிட்டு அவர் தனியாகப் பறப்பார்.

இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஓட்டத்தின் நடுவில், அளவு சரியில்லை என்று சொன்னால் போதும். ஓடுபாதையில் கண் வைத்திருப்பவர் மீட்டரைப் பார்க்க முடியாது.

நஸீமாவுக்கு போன் செய்யவில்லை.

மார்ச் 1, சனி

காலை ஆறரைக்கு உப்பளம். காற்று இல்லை. தூரத்தில் கடல் இரைச்சல்.

பெல்ட்டை மாட்ட எனக்கு வரவில்லை. அவர் மாட்டிவிட்டார். முதல் ஓட்டம் மெதுவாக, கோடி வரை போய்த் திரும்பினோம். இரண்டாவது பாதி வேகம். மூன்றாவது முழு த்ராட்டில். முதுகை இருக்கையோடு அழுத்தியது. வெள்ளைத் தரை கோடுகளாக ஓடியது. ஆயில், தண்ணீர், முன் ரோட்டர், பின் ரோட்டர், எல்லாம் நான் வைத்த இடத்தில். மூக்குச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. அதிர்வு நின்றது.

“நிறுத்துங்க.”

கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. என் தொண்டை இப்போதும் வலிக்கிறது.

அந்த நொடியே த்ராட்டிலை இழுத்துவிட்டார். ஏன் என்று கேட்டுவிட்டு அல்ல. மூக்கு இறங்கி, குலுங்கி, உப்பளத்தின் பாதியில் நின்றோம். உப்புத்தூள் எங்களைத் தாண்டிப் போயிற்று.

“எது?” என்றார். மீட்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

பின் ரோட்டர் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். அப்படியே லாரியில் ஏற்றியிருப்பார்.

“ஒண்ணுமில்ல. எல்லாம் சரியா இருக்கு.”

“அப்ப எதுக்கு?”

“பயமா இருக்கு. நான் எறங்கணும்.”

எஞ்சின் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. “எனக்கும்தான்” என்றார். என் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். இறங்க வசதியாக எஞ்சினை அணைத்தார். குனிந்து இறக்கைக்கு அடியில் வெளியே வந்தேன். எனக்காக அவரும் இறங்குவார் என்று இரண்டு அடி தள்ளிப் போய் நின்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

செல்வராசு ஓடிவந்து என் பக்கத்தில் நின்றார். “என்ன டீச்சர், ஏதும் கோளாறா?” இல்லை என்றேன்.

எஞ்சின் உடனே பிடித்தது. கோடிக்குப் போய்த் திரும்பி, எங்களைத் தாண்டும்போது தரையிலிருந்து ஓர் ஆள் உயரம். அப்புறம் பனைமரத்துக்கு மேல். கடல் பக்கம் திரும்பியபோது உருவம் தெரியவில்லை, சத்தம் மட்டும். ஒரு தடவையாவது தடுமாறுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தடுமாறவில்லை. செல்வராசு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், என்னையும் கூப்பிடச் சொன்னார்.

சுற்றி வந்து இறங்கினார். இரண்டு முறை தூக்கிப் போட்டது. நின்றது. செல்வராசு செருப்பை விட்டுவிட்டு ஓடினார். நான் நடந்து போனேன்.

ஜ.-வுக்கு முகமெல்லாம் வேர்வை, உதடு வெளுத்திருந்தது. செல்வராசு கட்டிப்பிடித்துத் தூக்கினார். ஜ. விடுவித்துக்கொண்டு என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்தார், விட்டார்.

“மேல ஏறும்போது பின் ரோட்டரு கொஞ்சம் சூடு காட்டுது. பாரேன்.”

கார் பானெட்டில் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். காட்டியிருந்தது. நீண்ட ஏற்றத்தில் மட்டும். களத்தில் வாலைக் கட்டிவைத்து அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த இடத்தில் பெட்ரோலைக் கூட்டி, எஞ்சினுக்கு ஏற்றிவிட்டேன்.

பத்து மணிவாக்கில் மறுபடி போனார்.